இரண்டும் இடது கால்

"ஆடி, செவ்வாய், காலை 10.40. ரப்பர் பூட்ஸ், இரண்டும் இடது கால். முகவரி: குரங்கணி ஜீப் ஸ்டாண்டு டீக்கடை. 10.55. அதே முகவரி, வேறு பெயர், அதே அளவு பூட்ஸ், இரண்டும் வலது கால்."

என் நாட்குறிப்பில் உள்ள வரிகள் இவை. அப்போது போடியில் வீட்டிலிருந்தபடியே ஓர் இணையக் கடைக்கு வேலை பார்த்தேன். பொருளைத் திருப்பி எடுக்கச் சொல்லி வரும் புகார்களில் எதைக் கணினியே ஏற்கலாம், எதை ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று விதி எழுதுவது என் பொறுப்பு. ஒரே முகவரியிலிருந்து பல பெயர்களில் புகார் வந்தால் ஆள் பார்க்க வேண்டும் என்று எழுதியவனும் நானே. குரங்கணி மலையில் கதவு எண் கிடையாது. எல்லோருடைய பார்சலும் அந்த டீக்கடையில்தான் இறங்கும். பக்கத்து ஊரான சிலமலைக்காரன் எனக்கு இது தெரியும். தெரிந்தே எழுதினேன்.

ஆள் பார்த்தால் யோசிப்பார் என்று நம்பினேன். சென்னையிலிருந்த பரிசீலகர் யோசிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து, "கூட்டு மோசடி" என்று எழுதி நிராகரித்தார். பூட்ஸை மாற்றிப் போட்டு அனுப்பியது எங்கள் கிடங்கு!

முதல் பெண்ணுக்குப் போன் செய்தேன். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பவர்.

"ஏண்ணே, எனக்கு ரெண்டும் எடது காலுன்னு நெனச்சுட்டாகளா? போட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டோம்னு மெசேஜ் வந்துச்சு. பெட்டியிலயே வச்சுட்டு, செருப்போடதான் மழையில போறேன். கால்ல ஏறி ரத்தம் குடிக்கிற அட்டைகிட்ட அந்த மெசேஜக் காட்டவா?"

அடுத்ததை அவர் கேலியாகக் கேட்கவில்லை.

"பூட்ஸ் போனாப் போகுது. மோசடின்னு எழுதிருக்காகளே, நான் யாரண்ணே ஏமாத்துனேன்?"

பரிசீலகரிடம் சத்தம் போட்டேன்.

"ரூல் உங்களோடதுதானே சார்? இப்ப எங்க மேல பாயுறீங்க?" என்றார்.

அந்தக் கேள்வி இன்றும் சுடுகிறது. ஆனால் விதி யாருடையதானாலும், பார்க்காமலே ஒரு பெண்ணை மோசடிக்காரி என்று எழுதிய கை அவருடையது. அன்று மதியமே விதியைத் திருத்தினேன்: முகவரி ஒன்றாக இருப்பது மட்டும் நிராகரிக்கக் காரணமாகாது, போனில் பேசாமல் "மோசடி" என்று எழுதக் கூடாது.

டீக்கடைக்காரர் சொல்லி, ஞாயிறன்று இரு பெண்களும் அங்கே சந்தித்து ஆளுக்கு ஒரு பூட்ஸை மாற்றிக்கொண்டார்கள். ஒரு நிமிட வேலை. அதற்கு எங்களுக்கு அத்தனை நாளும் போதவில்லை.

இருவர் பெயருக்கும் எதிரே இருந்த "மோசடி" குறியை நீக்கிவிட்டதாகப் பரிசீலகர் போனில் சொன்னார். அந்தக் குறி இருக்கும் கணினிப் பக்கத்தைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை. ஆகவே நாட்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது: "குறி நீக்கம்: சொல்லக் கேட்டது. சரிபார்க்கப்படவில்லை."