பிரேக்கில் வைத்த கால்

முதல் ஷிப்ட் தொடங்கிய கையோடு ஜெகதீசன் வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துத் தளர்த்திக்கொண்டார். போசரி தொழிற்பேட்டையில் அந்தத் தொழிற்சாலையின் கூரையை ஒட்டி ஓடும் கிரேனில், முப்பத்தைந்தடி உயரத்துக் கேபினுக்குள் அவரை யார் பார்க்கப் போகிறார்கள்? கட்டைவிரல் மூட்டு பஸ்ஸில் வரும்போதே குறுகுறுத்தது. அது எதற்கான குறுகுறுப்பு என்று அவருக்குத் தெரியும். மூன்று வருடத்தில் இது ஆறாவது தடவை.

ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி மூட்டில் படிகிறது என்று சொல்லி, அவர் குடியிருக்கும் கட்கியில் ஒரு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வலி இல்லாத மாதத்தில் மாத்திரை எதற்கு என்று ஜெகதீசன் விட்டுவிடுவார். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டுமாம். குடித்தால் ஒவ்வொரு தடவையும் ஏணியில் இறங்கி ஏற வேண்டும். எட்டு மணி நேரத்தை அரை பாட்டிலோடு ஓட்டிவிடுவார். விஷயம் மனைவி வனஜாவுக்கு மட்டும் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் கிரேனைவிட்டு இறக்கிவிடுவார்கள் என்று பயம். அதனால் வலி வரும்போதெல்லாம் காய்ச்சல் என்று லீவு சொல்வார்.

பத்து மணிக்குள் விரல் வீங்கி, சாக்ஸ் உரசினாலே உயிர் போயிற்று.

“அண்ணே, டை ரெடி. நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு. மெதுவா வாங்க,” என்று வாக்கி-டாக்கியில் டேனியலின் குரல் வந்தது. கீழே சங்கிலி மாட்டி சைகை காட்டுகிறவன். அவனும் கட்கித் தமிழன்தான். இருவரும் பேசிக்கொள்வது ஷெட்டில் வேறு யாருக்கும் புரியாது.

டை என்கிற அந்த எட்டு டன் இரும்பு அச்சு தரையைவிட்டு எழுந்தது. கிரேன் நகர்ந்தது. தூக்குவதும் இறக்குவதும் கையால். ஓடுகிற கிரேனை நிறுத்துவது மட்டும் வலது காலால். நாலாம் நம்பர் பிரஸ் இயந்திரத்துக்குள் இரண்டு பிட்டர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“போதும்ணே. நிறுத்துங்க.”

ஜெகதீசன் பெடலை மிதித்தார். விரலுக்குள் ஏதோ நொறுங்கியதுபோல் இருந்தது. கால் தானாகவே மேலே வந்துவிட்டது. கிரேன் ஓடிக்கொண்டே இருந்தது.

“அண்ணே! ருக்கோ! நிறுத்துங்க!”

இடது காலைக் குறுக்கே போட்டுக் குதிகாலால் பெடலை அழுத்தினார். கிரேன் குலுங்கி நின்றது. அச்சு மட்டும் நிற்காமல் முன்னால் வீசிப் போய் ஓர் இரும்பு ஸ்டாண்டைச் சாய்த்தது. பிட்டர்கள் இருவரும் பின்னால் பாய்ந்து விழுந்தார்கள். ஒருவனுக்கு முழங்கை சிராய்த்தது, அவ்வளவுதான். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து ஜெகதீசன் அச்சைத் தரையில் இறக்கினார்.

ஷிப்ட் இன்ஜினியர் ராஜஸ்ரீ ஓடி வந்தாள்.

“அண்ணே, பிரேக் பிடிக்கலன்னு சொல்லிடுங்க. விஷயம் அதோட முடிஞ்சிடும்,” என்றான் டேனியல் வாக்கியில், தமிழில், குரலைத் தாழ்த்தி.

சொல்லலாம். பழைய கிரேன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் காலையில் பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட மெயின்டெனன்ஸ் மனோஜை ராஜஸ்ரீ அதற்குள் கூப்பிட்டுவிட்டாள். அவன் டூல் பையோடு வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். மேலிருந்து பார்க்க அவன் தலை உச்சி மட்டும் தெரிந்தது. அவள் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெகதீசன் வாக்கியை அழுத்தி இந்தியில் சொன்னார்: பிரேக் சரியாக இருக்கிறது மேடம். என் கால்தான் சரியில்லை. ரொம்ப நாளாகவே.

இறங்குவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு படிக்கு இடது கால், அடுத்த படிக்கு வலது முழங்கால். டேனியல் மேலே ஏறி வந்து, அவருக்குக் கீழே இரண்டு படி தள்ளி நின்று, இடது பாதத்தைப் பிடித்துப் பிடித்துக் கம்பியில் வைத்தான். “வாயத் தொறந்து கத்திடுங்கண்ணே, பரவால்ல,” என்றான். பாதி ஏணியில் ஜெகதீசன் கத்தினார். ஷெட்டே நிமிர்ந்து பார்த்தது.

நினைத்தபடியே கிரேனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அதே ஷிப்டில் ஸ்டோரில் வேலை. “வலிய நிறுத்துறதுக்கில்லப்பா இந்த மாத்திரை, வராம இருக்குறதுக்கு,” என்று டாக்டர் திட்டிவிட்டு மறுபடி தொடங்கிவைத்தார். முதல் சில மாதங்கள் நடுவில் ஒரு தடவை வலி வரலாம், வந்தாலும் மாத்திரையை விடாதே என்றும் சொல்லி அனுப்பினார்.

இரண்டாம் மாதமே வலி மறுபடி வந்தது. விடிந்ததும் வனஜா, “காய்ச்சல்னு சொல்லவா?” என்று போனைக் கையில் எடுத்தாள்.

“குடு, நானே பேசுறேன்.”

ராஜஸ்ரீ எடுத்ததும், “மேடம், கால் வலி. யூரிக் ஆசிட்,” என்றார்.

“எத்தனை நாள் ஆகும்?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

மூன்று நாள் என்றார். அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.