அம்மாவின் ஒரே ஆங்கிலச் சொல்

நேற்று லிங்கநகர் வீட்டுக் குசினியில் மகள் கைதட்டிக் கைதட்டி ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு தட்டு. அப்படிப் படித்தால் எழுத்தும் பிழையாகாதாம், உச்சரிப்பும் வருமாம். எனக்கு இந்த வித்தை அத்துப்படி. ‘வெட்-நெஸ்-டே’ என்று பாடமாக்கி, இன்றைக்கும் வேலை செய்யும் கந்தோரில் புதன்கிழமையை அப்படியே சொல்லி மானத்தை வாங்கிக்கொள்பவள் நான். சிரிக்காதீர்கள். அவள் அடுத்து ‘டிஸ்-அப்-பியர்’ என்று தட்டினாள். துருவிக்கொண்டிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஒருநாள் சீனன்குடாப் பக்கம் வேலைக்குப் போனவரை வழியில் மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் மட்டும் வேலியோரம் கிடந்தது. பிறகு விசாரிக்க வந்த வெளிநாட்டுக்காரரிடம், மொழிபெயர்த்தவர் ‘இவவின் புருசன் எங்கேயோ போய்விட்டாராம்’ என்று சொல்லிவைத்தாராம். கேள்விப்பட்ட அம்மாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“அவர் போனவரோ? கொண்டு போனவங்களெல்லோ! இனி நானே இங்கிலீசில சொல்லுறன். அந்தச் சொல்லைக் காட்டித் தா, பிள்ளை.”

ஆளைக் காணாமல் ஆக்கிவிட்டார்கள் என்பதற்கு அந்த வெளிநாட்டுக்காரர்கள் பாவிக்கும் சொல் ‘டிஸப்பியர்ட்’. அப்போது எட்டாம் வகுப்புக்காரியான நான் உடைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுதவும் வேண்டுமாம். நடுவில் இரண்டு ‘பி’ வரும், ‘அப்பா’ என்று ஆங்கிலத்தில் எழுதுவதுபோல, என்றேன். விட்டாரா அம்மா? ‘டிஸ்-அப்பா-யர்ட்’ என்றே பிடித்துக்கொண்டார்.

“அதில அப்பா இல்லை, அம்மா.”

“அப்பா இல்லையெண்டு சொல்லாத,” என்று சீறினார்.

அடுத்த விசாரணையில் வெள்ளைக்காரப் பெண்மணி முன் நின்று அப்படியே சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. அம்மா துண்டு துண்டாகத் திரும்பச் சொல்ல, விளங்கிவிட்டது. அந்தப் பெண்மணி அன்பாகத்தான், சரியான உச்சரிப்பைச் சொல்லிக் கொடுத்தார். அம்மா கூடவே சொல்லித் திருத்திக்கொண்டார். “குட்” என்றார் அவர். அதோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் அம்மா சொன்னார்: “இப்ப பிழையில்லாமச் சொல்லிட்டன். இனித் தேடுவினம்.”

நான் ஓம் என்றேன்.

அதன்பின் எத்தனையோ கந்தோர்களில் அந்தச் சொல்லைச் சொன்னார், ஒரு தடவைகூடப் பிசகவில்லை. போகப்போகக் கேட்க வருபவர்கள் குறைந்தார்கள். பிறகு யாருமே வரவில்லை. விசாரணை நடந்த மண்டபத்தை இடித்து உல்லாசப் பயணிகளுக்கு ஹோட்டல் கட்டிவிட்டார்கள்.

போன வருடம் அம்மாவும் போய்விட்டார். மரண அறிவித்தல் அடிக்கப் போனபோது அச்சகக்காரர் கேட்டார்: “அப்பான்ர பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடவோ, தங்கச்சி?”

“போடாதேங்கோ,” என்றேன்.

உயிரோடிருக்கும் ஒருவரின் மனைவியாக அம்மாவைச் சுவரெல்லாம் ஒட்டினோம்.