கல்யாணக் காருக்கு ஒயில் தேடிய கதை

என் கணவர் யாழ்ப்பாணத்துக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டு வருகிற மனுஷன் கொஞ்சம் சாய்ந்து படுப்பார் என்று பார்த்தால், தேத்தண்ணியைக் குடித்த கையோடு கார்க் கொட்டிலுக்குள் போய்விடுவார். அங்கே அவருடைய பெரியப்பா கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன கறுப்பு ஏ40 கார் நிற்கிறது. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. அதற்குப் பெயின்ற் அடித்து, சீற் தைத்து, மறுபடி றோட்டில் ஓடவைத்தவர் இவர்தான்.

போன ஆவணியில் அவருடைய அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பொருந்தியது. மண்டபம் யாழ்ப்பாணத்தில். எங்கள் ஊர் புளியங்கூடலில் இருந்து மண்டபத்துக்கு மாமாவின் காரில்தான் போவேன் என்று பிள்ளை ஒற்றைக் காலில் நின்றாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. காருக்கு எல்லா ஒயிலையும் மாற்ற வேண்டும் என்று லண்டனில் இருக்கும் தன் தம்பிக்கும் சொல்லிவிட்டார். தம்பிக்கும் பழைய கார் என்றால் பைத்தியம். கப்பலில் வந்த பார்சல் பெட்டியில், சப்பாத்துகளுக்கும் சவர்க்காரங்களுக்கும் நடுவில், கியர் ஒயில் போத்தல்கள் இருந்தன. இதைவிடத் திறமான ஒயில் உலகத்தில் இல்லை என்று தொலைபேசியில் சொன்னாராம்.

அன்றைக்கே கியர் பெட்டியில் இருந்த பழைய ஒயிலை வடித்துவிட்டு இதை ஊற்றினார். அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. மூன்றாம் கியரில் இருந்து இரண்டுக்குக் குறைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். வருஷக்கணக்காய் பஸ் ஓட்டிய கைக்கு அது பெரிய அவமானம். முதலில் கிளச்சைக் குறை சொன்னார். பிறகு தன் செருப்பைக் குறை சொன்னார். கடைசியில், பக்கத்தில் இருந்து நான் கதைத்துக்கொண்டு வருவதால் கவனம் சிதறுகிறது என்றார்.

ஊர்காவற்றுறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற ஒருவர்தான் எங்கள் காரையும் பார்ப்பார். அவர் வந்து கிளச்சைப் பரிசோதித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"உள்ளுக்கு ஒண்டும் உடையேல்ல, ரீச்சர். கியர் மாத்தேக்க பல்லுச் சில்லோட உரஞ்சி வேகத்தைச் சமப்படுத்திற பித்தளை வளையம் ஒண்டிருக்கு. அது பிடிக்குதில்லை. ஏனெண்டுதான் விளங்கேல்ல."

வள்ளத்து எஞ்சினுக்குப் போடுகிற கியர் ஒயிலை ஊற்றிப் பார்க்கலாம் என்று தன்னிடமிருந்த ரின்னில் கொஞ்சம் தந்தார். இவரோடு வேலை செய்கிற இன்னொரு சாரதி, அந்தக் காலத்துக் கார்களின் கியர் பெட்டிக்குச் சாதாரண முப்பதாம் நம்பர் எஞ்சின் ஒயில்தான் விடுவார்கள் என்றார். இவருக்கு இரண்டிலும் மனமில்லை. தம்பி கல்யாணத்துக்கு வருகிறார்; வந்ததும் முதல் வேலையாகக் காரைத்தான் பார்ப்பார்.

நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். பித்தளை என்றதும் காதைக் கொடுத்தேன். லண்டன் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தால் கெட்ட முட்டை மாதிரி ஒரு வாடை. கந்தகம். கடும் பாரத்தில் இரும்புப் பற்கள் தேயாமல் இருக்க இப்போதைய கியர் ஒயில்களில் கந்தகம் சேர்ந்த பொருட்களைக் கலப்பார்கள். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. கந்தகம் செம்பைக் கறுக்கவைத்து அரிக்கும் என்று வகுப்பில் நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. அன்று மட்டும் குசினியை என்னிடம் விடச் சொன்னேன். வீட்டு வயரிங் செய்தபோது மிஞ்சிய தடித்த செம்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுவந்த மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஒயில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. பழைய தாச்சியில் கடற்கரை மணலைப் பரப்பி, குழாய்களை அதில் புதைத்து, ஒயில் புகையாத அளவுக்குச் சூடாக்கினேன். ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தும் வாடை வேலி தாண்டியது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, அடுப்பில் என்ன கருகுகிறது என்று விசாரித்தார். ஒயில் பொரிக்கிறோம் என்று இவர் சொன்னதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாடு பாணும் சம்பலும்தான்.

பின்னேரம் தகடுகளை எடுத்துத் துடைத்தோம். எஞ்சின் ஒயிலில் கிடந்தது போட்டபடியே மினுங்கியது. வள்ளத்து ஒயிலில் கிடந்தது சற்று மங்கியிருந்தது. தம்பி அனுப்பிய ஒயிலில் கிடந்ததோ ஓரத்தில் கத்தரிக்காய் நிறமும் நடுவில் கறுப்புமாக இருந்தது. இவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சாரும், இதுதான் கியர் பெட்டிக்குள்ளயும் நடக்குதோ?"

"இவ்வளவு கெதியில நடக்காது. நான் கனக்கச் சூடாக்கினனான். ஆனா நாள் போக நடக்கும்."

இப்போது வளையம் பிடிக்காததற்கு ஒயில் அளவுக்கு மிஞ்சி வழுக்குவதுதான் காரணமாக இருக்கும், ஆனால் அது என் ஊகம்தான், ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் வடித்து, பெட்டியைக் கழுவி, முப்பதாம் நம்பர் ஒயிலை விட்டார். மூன்று பேரும் ஏறிப் புறப்பட்டோம். வளைவில் மாடுகள் குறுக்கே நின்றன. இவர் இரண்டாம் கியருக்குக் குறைத்தார். சத்தமே இல்லாமல் விழுந்தது. அதற்குப் பிறகு வேலணை வரைக்கும் மாடும் இல்லை, மனிதரும் இல்லை. ஆனாலும் இவர் மூன்றும் இரண்டுமாக மாற்றிக்கொண்டே வந்தார்.

மிஞ்சிய லண்டன் போத்தல்களைக் கொட்ட வேண்டாம் என்றார் மெக்கானிக். பின் அச்சுப் பெட்டியில் பித்தளை வளையம் கிடையாது; பற்கள் ஒன்றோடொன்று அழுத்திச் சறுக்குகிற இடம் அது; இந்த ஒயில் அங்கேதான் பொருந்தும். கிரவல் நிலத்தில் மல்லாந்து படுத்து அதை அவரே ஊற்றினார்.

தம்பி வந்து இறங்கியதும், நினைத்தபடியே, ஒயில் எப்படி என்று கேட்டார்.

"உன்ர ஒயிலிலதான் ஓடுது, தம்பி. பின்னுக்கு," என்று இவர் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தகடுகளைக் கொண்டுவந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கறுத்த தகட்டை எடுத்து நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். லண்டனில் அவருடைய பழைய காருக்கும் இதே ஒயில்தானாம். அது பல்லைக் கடிக்கிறதென்று புதுக் கிளச்சும் போட்டிருக்கிறாராம்.

"அண்ணி, இதை நான் கொண்டுபோகட்டோ? அங்க என்ர மெக்கானிக்குக்குக் காட்ட வேணும்."

கல்யாணத்தன்று தம்பி முன்சீற்றில், பிள்ளையும் தாயும் நானும் பின்சீற்றில். தீவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்தில் காற்று அடித்துப் பிள்ளையின் முந்தானை தாயின் முகத்தை மூடிக்கொண்டே வந்தது. சிரித்துச் சிரித்து அவளுடைய அலங்காரம் கெடப்போகிறதென்று தாய் ஏசினார். எதிர்பார்த்ததைவிட நேரத்தோடு யாழ்ப்பாணம் வந்துவிட்டோம்.

"மாமா, கோட்டையை ஒருக்காச் சுத்திக்கொண்டு போவமே?" என்றாள் பிள்ளை.

இவருக்கு வேறென்ன வேண்டும். ஆராத்தித் தட்டோடு மண்டப வாசலில் நின்ற எங்கள் சொந்தக்காரருக்கு முன்னால், மணப்பெண் கையசைத்துக்கொண்டு அப்படியே கடந்து போனாள். காருக்குள் எல்லோருடைய போன்களும் ஒன்றாக அடித்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

தம்பி லண்டனுக்குத் திரும்பிய பிறகு, கியர் இவ்வளவு லேசென்றால் எனக்கும் கார் ஓடப் பழக்குங்கோ என்று இவரிடம் கேட்டேன். பின்னேரங்களில் பழக்கினார். பஸ்ஸில் ஏறும் சனங்களோடு அவருக்கு இருக்கிற பொறுமையில் பாதிதான் என்னோடு இருந்தது. ஆனாலும் பழகிவிட்டேன். போன கிழமை முதன்முதலாகத் தனியே வேலணைக்குக் காரை ஓட்டிப்போய் மரக்கறி வாங்கிவந்தேன். வீட்டுப் படலையடியில் காத்துநின்ற இவர் முதலில் காரைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு மரக்கறிப் பையை வாங்கிக்கொண்டு, நாளைக்கு எங்கே போகப் போகிறீர் என்று கேட்டார்.