கடைசி இலக்கம்

எனக்குக் கோபம் கை வழியாகத்தான் வரும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் யாருக்காவது அடி விழுந்திருக்கும்.

தங்கையின் கல்யாணப் பேச்சில் நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன். மாப்பிள்ளை வேறு கரைக்காரன். எங்கள் கடலில் அவனுக்கென்று ஒரு பார்கூடக் கிடையாது. பார் என்றால் மீன் அடையும் கடலடிப் பாறை. என்னுடையதையெல்லாம் தருகிறேன் என்றேன். எங்கள் கரையில் பெண் கொடுத்தவன்கூடப் பார் கொடுக்கமாட்டான். விடாமல் கேட்பவனுக்கு, பார் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றிச் சொல்லி அனுப்புவோம். அப்படி எத்தனையோ பேரை வெறுங்கடலுக்கு அனுப்பிவிட்டு நானும் சிரித்திருக்கிறேன். அதனால் கையால் எழுதிய எண்ணை எவனும் நம்பமாட்டான். வள்ளத்து ஜிபிஎஸ் மெஷினிலிருந்து மெமரி கார்டில் அப்படியே ஏற்றிக் கொடுத்தால்தான் உண்டு.

கல்யாணம் முடிந்து கார்டைச் சொருகினால் அந்த வசதியையே காணோம். இடையில் பழுதுபார்க்கக் கொடுத்தபோது புது சாஃப்ட்வேர் ஏற்றியிருந்தார்கள். நாகர்கோவில் கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: “வேற கம்பெனிக்காரன் பேட்டண்ட் கேஸ் போட்டிருக்கான். அதனால காப்பி எடுக்கதத் தூக்கிட்டானுவ. பழைய சாஃப்ட்வேர் இனி ஏறாது.” எவனோ இரண்டு பேர் சண்டைக்கு என் மெஷினில் கை வைத்திருக்கிறார்கள்.

ஒரு நோட்டில் எல்லா எண்களையும் சரியாக எழுதி, கடற்கரையில் மாப்பிள்ளையிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன்.

“கம்பெனிக்காரன் வந்து உமக்க மெஷின்லேருந்து களவாண்டுட்டுப் போனானா? யாருக்கிட்ட மச்சான் கத விடுதீரு?”

நோட்டைக் கிழித்து என் முகத்தில் எறிந்தான். தாடையில் குத்தினேன். அவன் என் தலையைப் பிடித்து வள்ளத்தின் விளிம்பில் மோதினான். உடைந்த பல் நாக்கில் கிடந்தது. வள்ளத்திலிருந்த மெஷினைப் பிடுங்கி எடுத்து அவன் மண்டையைக் குறிவைத்து வீசினேன்.

குறுக்கே ஓடிவந்தவள் தங்கை. நெற்றி பிளந்து, வழிந்த ரத்தத்தில் தாலி நனைந்தது. மெஷின் கல்லில் விழுந்து சிதறியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மணலில் பொறுக்கிய தாள்களை அவள் மடியில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். இனி அந்தப் பார்கள் இருப்பது அதில் மட்டும்தான்.

“அண்ணே, இதெல்லாம் சரியான நம்பரா?”

“சரிதான் மக்கா. சத்தியமா.”

கட்டுக்குக் கீழே வீங்கிய கண்ணால் என்னையே பார்த்தாள்.

“இப்பமாவது சொல்லுண்ணே. நெசமான கடைசி நம்பரு என்னது?”