ஓர் ஆங்கிலேயரின் மீதி ஆட்டங்கள்

பர்மாவில், அலோன் என்ற பேட்டையின் துறைமுகத் தொழிலாளர் கால்பந்துக் குழுவில் என் தம்பி வலது ஓரம் ஆடினான். பந்து நன்றாக ஆடுவான் என்பதற்காகவே கிடங்கில் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். எண்பத்தெட்டுக் கிளர்ச்சியில் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் தெருவில் பழகிய ஆட்டம். படிப்பு அதோடு போயிற்று. பர்மிய எழுத்து வரும், ஆங்கிலம் சுத்தமாக வராது. மிஷன் பள்ளியில் படித்த அப்பா, டீச்சர் வேலையாவது கிடைக்கும் என்று எனக்கு மட்டும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்திருந்தார். கிடைத்தது.

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் முழங்கால் போயிற்று. மழைச் சேற்றில் எதிராளி ஒருவன் அதன்மேல் விழுந்தான். ஆறு மாதம் காலை ஊன்றவே கூடாது, பிறகு நடக்கலாம், பந்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று நாள் கஞ்சிகூட இறங்கவில்லை.

அப்பா நடைபாதைக் கடையில் வாங்கிய அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பந்தாட்டக்காரர்களின் வாழ்க்கை. அதில் ஒருவர் தம்பியைப் போலவே வலது ஓரம். பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சனிக்கிழமைகளில் ஆடியவர். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் அதைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வாசித்தேன். தம்பி என் பக்கம் திரும்பினான்.

நாலாம் பக்கத்தில் அந்த மனிதருக்கும் முழங்கால் உடைந்தது. அதற்குப் பிறகு மூன்றே வரி. நான் முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. என் அவசர புத்தி அப்படி.

"அப்புறம் என்னாச்சிக்கா?"

"அடுத்த வருஷமே திரும்பி வந்துட்டாராம்டா."

"நெசமாவா?" என்று எழுந்து உட்கார்ந்தான். மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வேண்டும் என்றான். அம்மா அழுதுகொண்டே வாங்கப் போனாள்.

அதன் பிறகு என்னை யார் நிறுத்துவது? தினமும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலேயரை ஆடவைத்தேன். கோப்பை வாங்கித் தந்தேன், கல்யாணமும் செய்துவைத்தேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றுகிறவள் நான்! காலை எப்படிச் சரிசெய்தார் என்று தம்பி கேட்டான். இரண்டாம் மாதமே கட்டை அவிழ்த்துவிட்டு ஓடிப் பழகினார் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் முடிந்த ஒரு காலையில், நான் தின்கன்ஜூன் பள்ளியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் கட்டை அவிழ்த்துவிட்டு, லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடங்குத் திடலில் ஓடியிருக்கிறான். பத்தடிகூட ஓடவில்லை என்றார்கள். இனி அந்தக் கால் மடங்காது, பொறுத்திருந்தால் எல்லாரையும்போல் நடந்திருப்பான் என்று டாக்டர் என்னிடம் கத்தினார். நடந்து வந்தால் போதும், காவல் வேலை தருகிறோம் என்று கிடங்கில் சொல்லியிருந்தார்கள். அதுவும் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவன் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னான்.

"உள்ளதப் படிக்கா."

படித்தேன். அவர் பிறகு ஆடவே இல்லை. பழைய பஞ்சாலைக்கே வேலைக்குத் திரும்பினார். முதுமை வரை தினமும் ஆலைக்கு நடந்தே போய்வந்தார்.

"நடந்தே போனாராக்கா?" என்று கேட்டான் தம்பி.