அடுப்பில்லாமல் காயும் ஈரம்

பரீட்சைக்கு முன்னால் எட்டாம் வகுப்புக்கு அறிவியலைத் திருப்பிச் சொல்லிக்கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை என்று, சாக்பீஸ் தூளைத் தின்று காலம் தள்ளிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் போடியில் நான் அந்தக் குடத்தைச் சுமந்தேன்.

ஆவியாதல்

"தண்ணீர் ஆவியாக என்ன வேண்டும்?" என்று கேட்டேன். "அடுப்பு!" என்று வகுப்பே கத்தியது. பச்சை ஏலக்காயைக் கொட்டி, கீழே விறகு எரித்து உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அடுப்பில்லாமலும் காயும் என்றால் நம்புவதாக இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஈரத் துணியால் மேசையைத் துடைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்றேன். மெல்ல மெல்லக் காய்ந்தது. வாலுப்பயல் மாயாண்டி மேசைக்கடியில் குனிந்து தேடிவிட்டு எழுந்தான். "மெய்தான் டீச்சர், கீழ அடுப்பையே காணோம்!"

காற்றழுத்தம்

அதே வகுப்பில் பேச்சியம்மாள், மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். அப்பா இல்லை. அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. எட்டாவதில் தவறினால் இவளும் மலைவேலைக்குத்தான் என்று மாமா முடிவாகச் சொல்லியிருந்தார். மற்ற பாடமெல்லாம் எப்படியோ தேறிவிடுவாள், அறிவியல்தான் எமன்.

ஜீப்பில் மலையேறும்போது காது அடைப்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதிலேயே ஆரம்பித்தேன். மேலே போகப் போகக் காற்று குறையும், அழுத்தமும் குறையும். எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சி மட்டும் முகம் வாடி எழுந்து நின்றாள். "அப்ப எங்க ஆத்தாளுக்கு மூச்சு முட்டாதா டீச்சர்?"

ஒளியும் நிழலும்

அன்றிலிருந்து பள்ளி விட்ட பிறகும் அவளை உட்காரவைத்தேன். மேற்கே மலை நிற்பதால் போடியில் வெயில் சீக்கிரமே போய்விடும். ஒளி நேர்கோட்டில்தான் செல்லும், மலை மறைத்தால் நமக்கு நிழல், உச்சியில் இருப்பவர்களுக்கு வெயில் என்று ஜன்னல் வழியாகவே காட்டினேன்.

எனக்குப் பசி. அவளுக்கும் கண் சொருகியது. "போதும் பேச்சி, பொழுது சாஞ்சிருச்சு, வீட்டுக்குப் போ" என்றேன். அவள் மலையைப் பார்த்தாள். "மேல எங்க ஆத்தாளுக்கு இன்னும் வெயில் அடிக்கும், வேலை முடிஞ்சிருக்காது. இன்னொரு கேள்வி கேளுங்க டீச்சர்."

ஜீப்

ரிசல்ட் அன்று பேச்சியின் அம்மா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று மகளின் துணிமூட்டையை ஜீப்பில் ஏற்றி, பக்கத்தில் ஓர் இடமும் பிடித்து வைத்திருந்தாள். பேச்சி கீழே நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள். பலகையில் ஒட்டும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. ஜீப் கிளம்புவதற்குள் ஓடிப்போய், "பாஸு, பேச்சி பாஸு!" என்று மூச்சிரைக்கக் கத்தினேன்.

அந்த அம்மாள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தான் தனியாகக் கிடக்கும் மலையில் மகளாவது கூட இருப்பாளே என்று ஒரு மூலையில் அவளுக்கு ஆசை இருந்திருக்கும். மூட்டையை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு டிரைவரிடம் சொன்னாள். "அண்ணே, பிள்ளைக்குன்னு பிடிச்சு வச்ச எடத்துல வேற ஆளை ஏத்திக்கங்க. அவ படிக்கப் போறா."

அடுப்பில்லாமலே ஈரம் காயும் என்று மேசையைத் துடைத்துக் காட்டிய நான், அன்று வீடு போய்ச் சேரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் நடந்தேன்.