தொட்டியைப் பட்டினி போட்டவள்

விடுதியில் அவளுக்குத் தொட்டிக்காரி என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. முந்நூறு மாணவிகள் சாப்பிடும் அந்த விடுதியின் பின்புறம், சமையலறைக்கும் கீரைப் பாத்திகளுக்கும் நடுவே, மிச்சச் சோற்றைக் கேஸாக்கும் எரிவாயுத் தொட்டி ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. பன்னிரண்டு வருஷமாக அதற்குத் தீனி போடுவது அவள் வேலை. கட்டிக்கொடுத்த இன்ஜினியர் மூன்று நாள் பாடம் நடத்திவிட்டுப் போனவர், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் அவள் மூக்கை வைத்தே கற்றுக்கொண்டாள்.

மாணவிகள் வேடிக்கை பார்க்க வந்தால் அவளுக்குத் தலைகால் புரியாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கூட்டம் குடித்தனம் நடத்துகிறது என்பாள். அதில் இரண்டு பந்தி. முதல் பந்தி அவசரக் குடுக்கைகள். மிச்சச் சோற்றைக் கண்டால் பாய்ந்து தின்று புளிக்கவைத்துவிடும். இரண்டாம் பந்தி ஆடி அசைந்து வந்து அந்தப் புளிப்பைத் தின்று கேஸை விடும். அவை உயிர் வாழச் செலவழித்தது போக மிச்சம்தான் நம் அடுப்புக்கு. வழிகிற கரைசல் பாத்திக்குப் போகும், பாத்தியின் கீரை சமையலறைக்கு வரும், தண்டும் தோலும் திரும்பத் தொட்டிக்கு. எல்லாம் சுற்றிச் சுற்றி வரும். தீ மட்டும் அப்படி இல்லை, எரிந்தால் போனது போனதுதான். நாளைக்கு எரிய வேண்டுமென்றால் புதிதாக வெயில் இலைமேல் விழ வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். நிர்வாகக் குழு வரப்போகிறது, தொட்டியை வைத்துக்கொள்வதா, இடித்துவிட்டுக் குழாய் கேஸ் வாங்குவதா என்று அன்றைக்கே முடிவு செய்யப்போகிறது என்று வார்டன் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தொட்டி போனால் அவளும் போக வேண்டியதுதான். ஐம்பத்தாறு வயசில், மடக்கினால் நிமிராத முழங்காலோடு போகிறவளை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? தீ ஆளுயரத்துக்கு எரிந்து காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு வாரம் தினமும் இரண்டு பங்கு தீனி போட்டாள்.

எட்டாம் நாள் தீ மஞ்சளாகித் துடித்து அணைந்தது. தொட்டி வாயில் மூக்கை வைத்தாள். குப்பென்று புளிப்பு. முதல் பந்தி விழுந்து விழுந்து தின்றதில் இரண்டாம் பந்தி புளிப்பிலேயே மூழ்கிக்கொண்டிருந்தது. புளிப்பு முறியச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டுத் தீனி வாய்க்குப் பூட்டுப் போட்டாள். இனி பட்டினிதான் மருந்து. குழு வர ஆறே நாள் இருந்தது.

தலைமைச் சமையல்காரி அவளுடைய நாத்தனார், இப்போது விறகடுப்போடு மல்லுக்கட்டுகிறவள். உழைக்கிற வயிற்றைக் காயப்போட்டால் எப்படி வேலை செய்யும், நாலு வாளி ஊற்றுங்கள் என்று அவள் காலையும் மாலையும் பிடுங்கி எடுத்தாள். தீ காட்டாவிட்டால் நடப்பதே வேறு என்று வார்டனும் மிரட்டினார். தொட்டிக்காரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

குழு வந்த அன்று காலையில்கூட, கேஸ் சேர்ந்தால் மேலே எழும்ப வேண்டிய தொட்டியின் இரும்பு மூடி எழும்பாமல் கிடந்தது. நாலு பேர் வந்தார்கள். தலைவர் நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். நாத்தனார் அடுப்பைப் பற்றவைத்தாள். தீ நீலமாக, சீறிக்கொண்டு எழுந்தது.

தொட்டிக்காரி அடுப்பைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால், அரிசி மூட்டைகளின் இடுக்கில், ரப்பர் குழாய் ஒன்று போனது. சிலிண்டர். நாத்தனாரைப் பார்த்தாள், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொல்லத்தான் வாயெடுத்தாள், அதற்குள் வார்டன் அவளைக் காட்டி எல்லாம் இவள் கைராசி என்றார். நாலு பேரும் தலையாட்டினார்கள். வேலை தப்பித்தது என்று ஒரு நொடி அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்?

தலைவர் உற்சாகமாகிவிட்டார். இவ்வளவு எரிகிறதே, பக்கத்து இரண்டு விடுதிகளின் மிச்சமும் திங்கட்கிழமையிலிருந்து இங்கேயே வரட்டும், தினம் ஒரு வேன் என்றார். வார்டன் குறித்துக்கொண்டார். தொட்டிக்காரியின் கண்ணில் அந்த வேன் பின்பக்கமாக வந்து நின்றது. முதல் வாளியிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

"ஐயா, அது தொட்டித் தீ இல்ல. சிலிண்டர் தீ."

வார்டன் அவசரமாக ஏதோ சொல்ல வந்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தொட்டி புளிச்சுப் போச்சு. அளவுக்கு மீறிப் போட்டுக் கெடுத்தது நான்தான். தீனி வாயைப் பூட்டி வச்சிருக்கேன், இன்னும் மூணு வாரம் பட்டினி கிடந்தா பொழைக்கலாம். அப்பவும் எரியும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த வேன் வந்தா செத்துடும்."

தலைவர் குனிந்து, மூட்டையை நகர்த்தி, சிலிண்டரைத் தானே மூடினார். தீ அணைந்தது. கெடுத்தவள் கையில் சாவி இருக்கக் கூடாது, சமையல்காரி வைத்துக்கொள்ளட்டும் என்றார். தொட்டிக்காரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

நாத்தனார் வாங்கவில்லை.

"சிலிண்டரை மாட்டினது நான்தாங்க. சாவி என்கிட்ட இருந்திருந்தா அன்னிக்கே திறந்து கொட்டியிருப்பேன். ஆறு நாளா நாங்க அத்தனை பேரும் கத்தினோம், அண்ணி ஒரு பருக்கை போடல. அவங்ககிட்டயே இருக்கட்டும்."

தலைவர் சாவியை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தொட்டியருகே போனார், எல்லோரும் கூடவே வந்தார்கள். பிறகு அதைத் தொட்டிச் சுவரின் மேல் வைத்தார். மூன்று வாரம் கழித்து வருகிறோம், அதுவரை எந்த வேனும் வராது என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

தொட்டிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. சாவியைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.